அவசரத்துக்கு வைத்த மிஷின்

மெழுகுவர்த்தியும் டார்ச் விளக்கின் ரப்பரும் பாச்சை உருண்டையும் கலந்த ஒரு வாடை, எங்கள் வீட்டு உள்ளறை அலமாரியைத் திறந்ததும் வந்து மூக்கில் மோதும். அதன் கீழ்த்தட்டுகள் இரண்டையும் ‘அவசரத்துக்கு’ என்று அம்மா ஒதுக்கி வைத்திருந்தார். சார்ஜ் ஏற்றிய எமர்ஜென்சி லைட், இரண்டு டார்ச்சுகள், நைலான் கயிறு, வெந்நீர்ப் பை, காய்ச்சல் மாத்திரை, நமத்துப் போகாதபடி இரட்டை பிளாஸ்டிக் உறைக்குள் தீப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. இடம் உண்டு என்றுதான் சொல்கிறேன். பொருள் அந்த இடத்தில் இருந்தது என்று சொல்லவில்லை.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எட்டு வீடுகள் மட்டுமே கொண்ட வீதி எங்களுடையது. ஆடிக் காற்று ஒரு மட்டையை மின்கம்பியில் தள்ளிவிட்டால் மறுநாள்வரை கரண்ட் இருக்காது. தோட்டத்தில் யானை இறங்கியிருக்கிறது என்று சேதி வந்தால் பொழுது சாய்ந்தபின் யாரும் வண்டியை எடுக்கமாட்டார்கள். போதாக்குறைக்கு என் தம்பி கவினுக்கு வீசிங் தொல்லை இருந்தது. அவனுக்கு மூன்று வயதில் முதன்முறையாக மூச்சு இழுத்தபோது வீட்டில் எதுவுமே தயாராக இல்லை. அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பும் இல்லாமல், மெயின் ரோடுவரை ஓடினார். அந்த ஓட்டத்துக்குப் பிறகு உருவானதுதான் அலமாரி. ஆகவே அம்மாவின் முன்னேற்பாட்டை நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை. எனக்கு ஆத்திரம் மூட்டியது வேறு.

வாசலில் வந்து நின்று யாராவது “ஏனுங்க” என்று கூப்பிட்டுவிட்டால் அம்மாவால் இல்லை என்று சொல்ல முடியாது. காதுகுத்துப் பந்தலுக்கு எமர்ஜென்சி லைட் போகும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கக் கயிறு போகும். இடுப்புவலிக்காரர் ஒருவர் வெந்நீர்ப் பையோடு ஒரு மாதம் குடும்பம் நடத்தினார். போனவை திரும்பாமல் இருந்ததற்கும் அவர்களுடைய கெட்ட எண்ணம் காரணமில்லை, மரியாதைதான் காரணம். வாங்கிய சாமானை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் வீதியில் கௌரவக் குறைச்சல். அதனோடு நாலு முருங்கைக்காயோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒரு படி கடலைக்காயோ வைத்துத்தான் தரவேண்டும். எனவே எங்கள் டார்ச் திரும்பி வருவதற்கு முதலில் அவர்கள் வீட்டு முருங்கை பூக்கவேண்டும், பின்பு காய்க்கவேண்டும். ஒரு குடும்பத்தின் அவசரம் இன்னொரு குடும்பத்தின் மரத்தை நம்பி நின்றது.

திருப்பிக் கேட்பதோ அதைவிடப் பெரிய குறைச்சல். அதற்கு அம்மா கண்டுபிடித்த வழி நான். “கேட்டுப்போடாத கண்ணு. சும்மா போயி வாசல்ல நில்லு. உன்னயப் பாத்தா அவியளுக்கே நாபகம் வந்துரும்” என்று அனுப்புவார். இயல்பிலேயே பேச்சுக் குறைந்த பிள்ளை நான். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் அகப்பட்டிருக்க முடியாது. போய் நிற்பேன். “வாங்க அம்மணி, உக்காருங்க” என்பார்கள். காபி வரும், முறுக்கு வரும், எத்தனாம் வகுப்பு என்ற விசாரணை வரும். எங்கள் எமர்ஜென்சி லைட் அவர்கள் ஷெல்பிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெறுங்கையோடு திரும்பி வந்ததும், ஒழுங்காக முகம் தெரிகிற மாதிரி நின்றாயா என்று அம்மா என்னைத்தான் விசாரிப்பார்.

எனக்குப் பதினொரு வயதானபோது, டாக்டர் சொன்னதன்பேரில் அப்பா ஒரு நெபுலைசர் வாங்கி வந்தார். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியே மூச்சுக்குள் அனுப்பும் அந்தச் சிறு இயந்திரம் எங்கள் வீட்டில் ‘மிஷின்’ ஆயிற்று. இதையாவது யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். எதிர்வீட்டுச் சரசு அத்தையின் தங்கை மகன் திருப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தான். வந்தவனுக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. ரெண்டே நாளு என்று அத்தை கேட்டார். முகமூடியும் குழாயும் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லி அம்மா கொடுத்துவிட்டார்.

பையன் குணமாகித் திருப்பூருக்கே போய்விட்டான். மிஷின் மட்டும் பூத்துவாலையில் பொதிந்து அத்தை வீட்டு பீரோமேல் இருந்தது. காங்கேயத்தில் ஆட்டக் கொடுத்திருந்த கொப்பரை எண்ணெயாகி வந்ததும், ஒரு தூக்குப்போசி நிறைய எண்ணெயோடு கொண்டுவந்து தருவதாக அத்தை சொல்லியனுப்பியிருந்தார். நான்கு முறை போய் நின்றேன். நாமே கேட்டு வாங்கிவிடலாம் என்று ஐந்தாம் முறை சொன்னேன். “மெசினு எங்க ஓடிப்போகுது? எதுத்தாப்புல இருக்கற ஊடுதான” என்றார் அம்மா.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அப்பா வேலைக்குப் போயிருந்தார். காலையிலிருந்து புழுதிக் காற்று. கவின் சுவரோரம் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க மூச்சை இழுத்தான். ‘தண்ணி’ என்று சொல்ல வந்தவனால் பாதிச் சொல்லைத்தான் சொல்ல முடிந்தது. வாயில் அடிக்கும் மருந்துக்கு அடங்கவில்லை. அம்மா அலமாரியைத் திறந்தார். மருந்துக் குப்பிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் பக்கத்தில் மிஷின் அளவுக்கு ஒரு காலியிடம் இருந்தது. அந்தக் காலியிடத்தில் கையை வைத்தபடியே அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓடு என்றார். நான் வாசலைத் தாண்டியபோது பின்னாலிருந்து, “பதமாக் கேளு” என்ற குரலும் வந்தது.

அத்தை முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். “வாங்க அம்மணி, காத்துல இப்படி ஓடியாறீங்க? காபி வெக்கட்டுங்களா?” என்று எழுந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் நின்றேன். நாலைந்து வருடங்களாகப் பழக்கப்படுத்திய கால்கள். அந்த வாசலுக்கு வந்தால் நிற்க மட்டுமே அவற்றுக்குத் தெரியும். எத்தனை நொடிகள் என்று தெரியாது. அவற்றில் ஒவ்வொன்றையும் என் தம்பி மூச்சில்லாமல் கழித்தான் என்பது மட்டும் தெரியும்.

“மெசினு வேணும்” என்றேன்.

“அட, எண்ணெ நாளைக்கு வந்துருது கண்ணு. வெறும் மெசின எப்படிக் குடுத்தனுப்பறது?”

“தம்பிக்கு மூச்சு வர்ல. குடு.”

முறம் கவிழ்ந்தது. எனக்கு முன்னால் அத்தைதான் மிஷினோடு ஓடினார். எங்கள் வீட்டுச் சுவரில் பிளக்கைச் சொருகியதும் அவர்தான். அம்மா மருந்தை ஊற்றிக் கவினின் முகத்தில் முகமூடியை வைத்தார். கரண்ட் இருந்தது என்பதை இன்றும் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். மருந்து தீரும்போது அவனால் ஒரு முழுச் சொல் பேச முடிந்தது. ஆனாலும் விலாப்பக்கம் உள்வாங்குவது நிற்கவில்லை. அத்தையின் கணவர் தங்கள் வேனை எடுத்து வந்தார். கதவருகே மாட்டியிருந்த ‘ஆஸ்பத்திரிக் கூடை’யை அம்மா கையில் எடுத்துக்கொண்டார். பழைய மருந்துச் சீட்டுகள், மாற்றுத்துணி, ஃபிளாஸ்க், மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய அட்டை எல்லாம் அந்த ஒயர்க் கூடையில் இருந்தன. அலமாரிச் சாமான்களைப் போல அது யார் வீட்டுக்கும் போகாததற்கு ஒரே காரணம், ஆஸ்பத்திரிக் கூடையை இரவல் கேட்பது அபசகுனம் என்று வீதியே பயந்ததுதான்.

அந்த அட்டையைப் பார்த்த டாக்டர் அம்மாவிடம் அதிகமாக எதையும் கேட்கவில்லை. உடனே அடுத்த மருந்தைத் தொடங்கினார். ஒரு மணி நேரம் கழித்துக் கவின் தூங்கினான். இனிப் பயமில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும், அம்மா என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் கேட்டார்:

“அத்தைகிட்ட எப்படிக் கேட்ட?”

சொன்னேன்.

“ஒரு ‘ங்க’ போட்டுருக்கலாமில்ல?”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதோடு முடிந்தது என்றும் எண்ணவேண்டாம். மறுநாள் அத்தை எண்ணெய்த் தூக்கோடு வந்து, வெறும் மிஷினைக் கொடுக்கும்படி ஆகிவிட்டதே என்று அழுதார். என் வளர்ப்பு சரியில்லை என்று அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் சமாதானப்படுத்த அரைமணி நேரம் ஆயிற்று. அந்த மாதமே அம்மா இன்னொரு மிஷின் வாங்கினார். ஒன்று வீட்டுக்கு, மற்றது கேட்டு வருபவர்களுக்கு. இல்லையென்று சொல்லப் பழகுவதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது நகரத்தில், சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். கவின் கல்லூரிக்குப் போகும் வயதை எட்டிவிட்டான். மூச்சு இழுப்பது அபூர்வம். அம்மா இன்றும் எல்லாம் வாங்கி அடுக்குகிறார். எதுவும் இடம் மாறுவதில்லை. இங்கே கேட்பதற்கென்று யாரும் வருவதில்லை. எது வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. காலாவதியான மருந்தை மாற்றுவதைத் தவிர எங்கள் முன்னேற்பாட்டுக்கு வேலையில்லை. சிறுவயதில் நான் வேண்டியதும் இதைத்தான், ஆகவே குறைசொல்ல எனக்கு உரிமையில்லை.

போன மாதம் ஒரு காலை, கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நான்காம் மாடிக் குழந்தைக்கு வீசிங், வண்டி வர இருபது நிமிடம் ஆகிவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். அந்த இருபது நிமிடமும் அவர்களின் தரைக்குக் கீழே எங்கள் அலமாரியில் இரண்டு மிஷின்கள் சும்மா இருந்தன. அம்மா ஜன்னலைவிட்டு அகலாமல் நின்றார். “நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்” என்றார். யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

குழந்தை நலமாக வீடு திரும்பியதும் மாடியேறிப் போய் மணியை அழுத்தினேன். கதவைத் திறந்த பெண்ணிடம், எங்கள் வீட்டில் நெபுலைசர் இருக்கிறது, எந்த நேரமானாலும் கேட்கலாம் என்று, வழியெல்லாம் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியத்தை ஒப்பித்தேன். அவர் கதவைப் பாதிக்குமேல் திறக்கவில்லை.

“நீங்க அசோசியேஷன்ல இருந்து வர்றீங்களா?”

“இல்லைங்க,” என்றேன், “கீழ்வீடு.”