கண்ணாடிப் பெட்டிக்குள் மதகுச் சாவி

என் மனைவியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொக்கம்மா என்பார்கள். எங்கள் தெருக்களுக்குப் பின்னால் இருக்கும் குளத்தை அவள் கட்டிக்கொண்டு அழுவதால் வந்த பட்டப்பெயர். அப்படியானால் நான் யார்? கொக்கம்மா வீட்டுக்காரர். ஆயுசெல்லாம் லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்தவனுக்கு மிஞ்சிய மரியாதை இவ்வளவுதான்.

அவள் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள். தையல் மெஷின் ஜன்னலோரம் இருந்தது. ஒருநாள் லாரியில் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து குளத்தில் கொட்டுவதைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு போய் லாரிக்கு முன்னால் நின்றாள். அங்கே பிடித்தது சனி. அதற்கப்புறம் எத்தனை அலுவலகம், எத்தனை மனு! செருப்புத் தேய நடந்தாள். ஊரில் இல்லாத அக்கறை உனக்கு மட்டும் ஏன் என்று நானும் தொண்டை வற்றக் கத்தினேன். கடைசியில் நகராட்சிக்காரர்கள் ஒரு வேலியும் மதகும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டார்கள்.

அந்த மதகுதான் வினை. மழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் குளத்துக்குள் பாயும். அங்கே நாணலுக்குள் நீர்க்கோழிகள் தண்ணீரை ஒட்டியே கூடு கட்டும். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் முட்டையெல்லாம் போச்சு. அதனால் ஒவ்வொரு மழைக்கும் போய் மதகைத் திறக்க வேண்டும். வடிந்ததும் மூட வேண்டும், இல்லாவிட்டால் குளம் காலி. போகிறவன் வருகிறவனெல்லாம் ஸ்பானர் போட்டுத் திருகி விளையாடியதால், திருகாணியை நீளமான குழாய்க்குள் இறக்கி வைத்து, அதற்கு மட்டும் பொருந்துகிற மாதிரி கைப்பிடி வைத்த சாவி ஒன்று கடைந்து கொடுத்தேன். ஒன்றே ஒன்று. பட்டறையை விற்றபின் இன்னொன்று செய்ய வழியில்லை. மகா புத்திசாலி நான்.

அன்றிலிருந்து ஊர் பயணம் என்று எங்கும் போனதில்லை. மகள் கல்யாணத்தன்று தூறல் போட்டது. பெண்ணின் அம்மாவைக் காணோம் என்று எல்லோரும் தேட, காலில் சேறோடு வந்து நின்றாள். சம்பந்தி முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது அவளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. வெளியூரில் இருக்கும் மகள், இங்கேயே வந்து இருங்கள் என்று நச்சரிக்கிறாள். போன மாதம் மழையில் போய்வந்தவள் கட்டிலில் சாய்ந்து, "இனிமே முடியலைங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் வட்டார வரலாற்றுக் கழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நூலக மாடியில் கூடுகிறவர்கள். பழைய தராசு, பழைய கடிகாரம், பழைய போட்டோ என்று சேர்த்து வைப்பார்கள். அங்கே குடையை மறந்து வைத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் அதற்கும் சீட்டு கட்டியிருக்கும். கொக்கம்மாவைப் பாராட்டப் போகிறோம் என்றார்கள். விழாவிலேயே சாவியை அவர்களிடம் கொடுத்துவிடுவது என்று இவள் முடிவு செய்தாள். இத்தனை பேர் இருக்கிறார்களே, முறை போட்டுப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெட்டியெல்லாம் கட்டிவிட்டோம்.

விழாவில் ஆளாளுக்குப் பேசினார்கள். இவள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள், நான் முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சாவியை எடுத்து, "இனி நீங்கதான் பாத்துக்கணும்" என்று கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. செயலாளர் இரண்டு கையாலும் வாங்கிக் கண் கலங்கினார். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு எழுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவள் ஜன்னலுக்குப் போனாள். மதகருகே யாரும் இல்லை. வருவார்கள், உட்கார் என்றேன். மழை வலுத்தது. யாரும் வரவில்லை. செயலாளருக்குப் போன் செய்தேன். சாவி கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றார் மனுஷர்.

குடையைப் பிடித்துக்கொண்டு நூலக மாடிக்கு ஓடினேன், செயலாளர் இன்னும் அங்கேதான் இருந்தார். சாவி வெல்வெட் துணிமேல் படுத்திருந்தது. அதற்குச் சீட்டும் கட்டியாகிவிட்டது: கொக்கம்மா பயன்படுத்திய மதகுச் சாவி, செய்தவர் தெரியவில்லை. சாவியைக் கேட்டேன். பெட்டிக்குள் போன பொருளை எடுக்கக் கமிட்டி கூடவேண்டுமே என்று செயலாளர் தயங்கினார்.

"அவ இன்னும் சாகலை சார். பெட்டியைத் திறங்க."

திறந்துவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டு, உங்களில் யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் தன் கைத்தடியைப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க எல்லாருமே நம்ம வயசுதான் சார். உங்க வீட்டம்மா பாத்துக்கச் சொன்னது மதகைன்னு இப்பதான் புரியுது. மன்னிச்சுக்கங்க."

அந்த ஆளை அதற்கப்புறம் எப்படித் திட்டுவது? இறங்கி மதகை நோக்கி நடந்தேன்.

சாவியைச் செய்தவன் நான், ஆனால் ஒருநாள்கூட அதைத் திருகியதில்லை. குழாய்க்குள் விட்டுத் திருகினால் அசையவில்லை. உடம்பு முழுதும் சாய்த்து அழுத்தினேன், உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் இவள் தனியாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாளா? பின்னால் சேற்றில் காலை இழுத்து இழுத்து அவளே வந்துவிட்டாள்.

"முதல்ல கொஞ்சம் பின்னாடி திருப்பிட்டு அப்புறம் திருகுங்க."

அப்படிச் செய்ததும் இளகியது. தண்ணீர் இரைந்து வெளியே போனது. நாணலுக்குள் ஒரு நீர்க்கோழி நனைந்த கூட்டை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தது. அவள் சாவியில் தொங்கிய சீட்டைப் படித்துச் சிரித்தாள். செய்தவர் தெரியலையாமே என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அசதிதான், வேறென்ன.

பையில் போன் அடித்தது, மகள். டிக்கெட் போட்டாச்சாப்பா என்றாள். மழைக்காலம் முடியட்டும்மா என்று சொன்னது நான்தான். இவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"விடிஞ்சதும் மூடணும், இல்லைன்னா குளம் வத்திடும்" என்று சாவிக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"நீ தூங்கு. நான் வந்து மூடறேன்."