இரண்டு கோமதிகளின் ரத்தம்

1. பாக்கெட்டில் போட்ட ட்யூப்

சங்கரன்கோவிலில் பெண்கள் வார்டுக்குள் நின்று "கோமதி" என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஊர்க்கோயில் அம்மன் பெயர், வீட்டுக்கு வீடு வைப்பார்கள். லேபில் புதிதாகச் சேரும் தங்கைகள் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். நான் பயப்படவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் என் ரிப்போர்ட் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள இன்றும் வெட்கமில்லை.

காலையில் நான் கிளம்பும்போது அம்மா பீடி சுற்றும் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கை வைப்பாள்.

"ஆண்டவரே, எம்பிள்ளை கையை நீரே பிடிச்சு நடத்தும்."

"ஊசி குத்துதது நாந்தாம்மா. பஸ்ஸு போயிரும், விடு."

"ஒரு நிமிசம் அவரைக் கூப்பிட்டா என்னட்டி?"

"படிக்காதவங்க கூப்பிடட்டும்" என்றேன் ஒருநாள். அம்மா தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அது நடந்தது. நான்காம் கட்டிலில் ஒரு கோமதி, திருவேங்கடத்துக்காரி. சிசேரியன் முடிந்து ரத்தப்போக்கு. ஆறாம் கட்டிலில் இன்னொரு கோமதி, மேலநீலிதநல்லூர். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் காத்திருந்தவள். இருவருக்கும் ரத்தம் ஏற்ற வேண்டும். சாம்பிள் எடுத்ததும் கட்டில் பக்கத்திலேயே நின்று ட்யூபில் பெயரும், நோயாளியின் ஐ.பி. நம்பரும் எழுத வேண்டும். நான் முதல் ட்யூபை வலது பாக்கெட்டிலும் அடுத்ததை இடது பாக்கெட்டிலும் போட்டுக்கொண்டு லேபில் போய் எழுதுவேன். நேரம் மிச்சம். அன்றும் அப்படித்தான் செய்தேன்.

வார்டு ஆயா செல்வி அக்கா சொன்னார்: "ஏட்டி, ரெண்டும் கோமதி. இங்கனயே எழுதிட்டுப் போயேன்."

"எக்கா, நீங்க பெட்பேன் கழுவுங்க. இது எந்தலைக்குள்ள இருக்கு."

வழியில் கேஷுவாலிட்டியில் அவசரமாக ஒரு சாம்பிள் எடுக்கக் கூப்பிட்டார்கள். பாக்கெட்டில் ஊசி தேடும்போது இரண்டு ட்யூபையும் வெளியே எடுத்துத் திரும்பப் போட்டேன்.

லேபில் வலது பாக்கெட் ட்யூபில் நான்காம் கட்டில் என்றும் இடதில் ஆறாம் கட்டில் என்றும் எழுதினேன். குரூப் பார்த்ததில் ஒன்று ஏ, ஒன்று பி. ஏற்றப்போகும் ரத்தத்தோடு சாம்பிளைக் கலந்து பார்க்கும் கிராஸ் மேட்ச்சும் இரண்டுக்கும் பொருந்தியது. ரத்தம் ஏற்றும் முன் இரண்டாவது ஆள் வார்டுக்குப் போய், புதிதாக ரத்தம் எடுத்து குரூப்பைத் திரும்பப் பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். என்கூட இருந்த டெக்னீஷியன் காலையிலேயே பத்து வரிக்கு மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அதுதான் எங்கள் வழக்கம்.

2. ஆறாம் கட்டில்

மதியம் வார்டிலிருந்து போன் வந்தது. நான்காம் கட்டில் கோமதிக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது, முதுகு வலிக்கிறது என்று அழுகிறாள், ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். ஓடிப்போய்ப் புது சாம்பிள் எடுத்துப் பார்த்தேன். நான் பி என்று எழுதியவள் ஏ.

திரும்ப வார்டுக்குப் போனபோது டாக்டர், "ரத்தப் பேக்ல ஏதோ கோளாறு போல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஆறாம் கட்டிலில் அடுத்த பேக்கை மாட்டிக்கொண்டிருந்தார்.

பழி பேக் மேலேயே கிடக்கட்டும், இரண்டாவது பேக்கை வேறு ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். சாக்குத் தேடினேன். படித்த தலைக்குள் ஒன்றும் இல்லை. அம்மாவின் வார்த்தைதான் வந்தது: ஆண்டவரே, கையைப் பிடியும்.

"சிஸ்டர், ஏத்தாதீங்க. ட்யூப் மாறிட்டு. நாந்தான் மாத்திட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுதோம்னு தெரிஞ்சுதான் சொல்லுதியா?"

"தெரியும் சார்."

சிஸ்டர் பேக் குழாயை மூடியிருந்த க்ளாம்ப்பைத் திறக்கவில்லை. ஆறாம் கட்டில் கோமதி தப்பினாள். நான்காம் கட்டில் கோமதிக்குச் சிறுநீர் கறுத்து, பிறகு நின்றுபோனது. ஆம்புலன்ஸில் நெல்லைக்கு அனுப்பினார்கள். பிள்ளை அவளுடைய மாமியார் மடியில் இருந்தது.

3. பஸ் ஸ்டாண்டில்

நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் வேலையில்லை. பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கோமதியின் கிட்னி சரியாகவில்லை. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ்.

பஸ் ஸ்டாண்டில் அவள் கணவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகலாம் என்று தோன்றியது. போய் முன்னால் நின்றேன்.

"நீங்க சொல்லலைன்னா பேக்ல கோளாறுன்னு நம்பிட்டுப் போயிருப்போம்லா" என்றார். "அப்படிப் போயிருந்தா நான் கொஞ்சம் தூங்கியாவது இருப்பேன்."

நெல்லை பஸ் வந்தது; ஏறிப் போய்விட்டார்.

நான் ஜெபித்ததால் எல்லாம் சரியானது என்று எழுதமாட்டேன். சரியாகவில்லை. ஆண்டவர் வந்து ட்யூபில் பெயர் எழுதமாட்டார். ஆனால் என்னை மட்டும் நம்பியிருந்தவரை, எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது கட்டில் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். எழுதிவிட்டு செல்வி அக்காவைக் கூப்பிட்டு, "எக்கா, இது யாரு?" என்று கேட்கிறேன். அவருக்கு எழுத்துத் தெரியாது; ஆளைத் தெரியும்.

காலையில் அம்மா தலையில் கை வைக்கும்போது குனிந்து நிற்கிறேன். இப்போதெல்லாம் கோமதியின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறாள். முடிவதற்குள் பஸ் போய்விடுகிறது. அடுத்த பஸ்ஸில் போகிறேன்.