கையால் கலந்த மோர்

எனக்கு இருபது வயதில் டைபாய்டு வந்தது. பிழைத்தால், ஆண்டுதோறும் சித்திரை பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்கு மகன் தன் கையாலேயே மோர் கலந்து தருவான் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். கரண்டி கூடாது, கைதான். எழுபதுகளில் தொடங்கி ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. முழங்கைவரை பானைக்குள் விட்டுக் கலக்குவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் லேப் வேலை கிடைத்தது. வைகாசி வந்தால் எங்கள் தெருவில் யாராவது டைபாய்டில் படுப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசியில் அடுத்த வீட்டுப் பாப்பா போய்விட்டாள். எட்டு வயது. என்னை மாமா என்பாள். அவள் ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

டாக்டர் சொன்னார்: "காய்ச்சல் போனாலும் சில பேருக்குப் பித்தப்பையில கிருமி தங்கிடும்யா. ஆளு நல்லாத்தான் இருப்பான், மலத்துல வருஷக்கணக்கா வந்துக்கிட்டே இருக்கும். அந்த ஆளைப் புடி."

வெறியோடு கிளம்பினேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தயிர் கொண்டுவரும் அம்மா மேல்தான் சந்தேகம். மலம் எடுத்துத் தரச் சொல்லி டப்பாவை நீட்டியதும், "என்னைப் பாத்தா அப்படியா தெரியுது சார்?" என்று கேட்டாள். கொடுத்தாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு அவள் வரவில்லை.

மோர்ப் பந்தலில் வேலை செய்த அத்தனை பேரிடமும் மலம் வாங்கினேன். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவருடையதும் வேண்டும். வேறு யாரைக் கேட்பது என்று என்னுடையதையே வைத்தேன். டாக்டர் பேச்சு காதில் விழுந்தும் அது என்னைப் பற்றியது என்று தோன்றவில்லை. வேண்டித் தீர்ந்த காய்ச்சல் அல்லவா அது.

இரண்டாம் நாள், கிருமி வளர்க்க வைத்த மற்ற தட்டுகளில் ஒன்றுமில்லை. என் தட்டு முழுக்க டைபாய்டு கிருமியின் கறுப்புப் புள்ளிகள். மாறிப்போயிருக்கும் என்று மறுபடி வைத்தேன், மறுபடியும் வைத்தேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. அன்று கையைத் தோல் உரியும்வரை கழுவினேன்.

வேலூரில் பித்தப்பையை எடுத்தார்கள். கிருமி போய்விட்டது. டாக்டர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த சித்திரையில் பாப்பாவின் அம்மா தயிர்ப் பானையோடு என் வாசலில் நின்றாள்.

"கலக்க வரலீங்களாண்ணா? போன வருஷம் பாப்பா இன்னும் ஜாஸ்தி வேணும்னு உங்ககிட்ட ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சா. அவ பேர்ல கொண்டாந்திருக்கேன். உங்க கை படணும்."

"வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கும்மா, குனிய முடியல."

பந்தலில் அவளே வளையலை மேலே ஏற்றிவிட்டுக் கையை விட்டுக் கலக்கினாள். முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். குடித்தேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.