மிச்சமிருந்த ஆறு குளிசைகள்

பெற்றோல் கிடைக்காத அந்த மாதங்களில்தான் உயர்தர வகுப்புக்கு உயிர் எரிபொருள் பாடம் வந்தது. நுண்ணுயிரியல் அலகில் அது ஒரு சின்னப் பகுதி. மதுவம் என்கிற ஈஸ்ட் சீனியை எப்படி எதனோலாக மாற்றுகிறது, அல்காப் பாசியிலிருந்து எப்படி டீசல் எடுக்கலாம், அவ்வளவுதான். வழக்கமாக ஒரு பாடவேளையில் முடித்துவிடுவேன். அந்த முறை மூன்று பாடவேளை போயிற்று. பிள்ளைகள் விடவில்லை.

நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். இருபத்திரண்டு வருடமாயிற்று. வீடு சாய்ந்தமருதில். பஸ் ஓடாத நாட்களில் நடந்துதான் போவேன். முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். வகுப்புக்குள் நுழையும்போது அபாயாவின் கரை முழுக்கத் தூசியாக இருக்கும், தொண்டை காய்ந்திருக்கும், பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னமே களைத்துப் போயிருப்பேன்.

முன்வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது: "டீச்சர், எதனோல் எண்டா சாராயம்தானே. அதுல வாகனம் ஓட்டினா ஹராமில்லையா?"

"குடிக்கிறது மோட்டர் சைக்கிள்தானே புள்ள. அதுக்கு என்ன ஹராமும் ஹலாலும்?"

வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் ஒரு மீனவரின் மகள் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "எங்கட வாப்பாட போட்டுக்கும் இத ஊத்தலாமா டீச்சர்? ஒரு மாசமா கரையிலதான் கிடக்கு."

ஊற்றத்தக்க எண்ணெய் செய்யலாம் என்றேன். எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். இங்கே கிடைக்காது என்றேன். அவள் பேனையை மூடி வைத்துவிட்டாள்.

என் கணவருக்குச் சம்மாந்துறைக்கு அப்பால் இரண்டு ஏக்கர் வயல். மோட்டர் சைக்கிளில் காலையில் போய், தண்ணீர் பார்த்து, பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். பெற்றோல் இல்லாமல் போனதும் அவரும் நடக்கத் தொடங்கினார். வழியில் உழவு மெசின் ஏதாவது வந்தால் ஏறிக்கொள்வார், இல்லாவிட்டால் முழுத் தூரமும் நடைதான். நடப்பதற்கென்று புதிதாக ஒரு ரப்பர் செருப்பும் வாங்கினார்.

அவருக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. சீனி உள்ளவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்துகொண்டே வரும். செருப்பு வார் அறுத்ததை அவர் அறியவில்லை. ஒரு சனிக்கிழமை பகல் அவர் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது சீமெந்துத் தரையில் சிவப்பாகத் தடம் பதிந்தது. நான்தான் பார்த்தேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தோல் உரிந்து, சதை தெரிந்தது. சுற்றிலும் வீங்கியிருந்தது.

"இது எத்தின நாளா?"

"தெரியா. நோகல்லையே."

"ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"எதுல போற? நடந்தா? நடந்துதானே இது வந்த" என்றார். பிறகு, "சந்திப் பாமசில ஏதும் வாங்கிட்டு வா புள்ள. ரெண்டு நாள்ல காஞ்சிரும்" என்றார்.

போனேன். அந்த மருந்துக் கடைக்காரருக்கு என்னைத் தெரியும். அவருடைய மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். டொக்டர் எழுதிய துண்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் என்னிடம் இல்லை என்று சொல்லவில்லை. என்ன காயம் என்று மட்டும் கேட்டார், சொன்னேன். சின்னக் கடதாசிப் பையில் பதினைந்து குளிசைகளைப் போட்டு, பையின் மேல் மூன்று கோடு கீறினார். நாளைக்கு மூன்று, ஐந்து நாளைக்கு.

"டீச்சருக்கு நான் சொல்லத் தேவல்ல" என்றார்.

மூன்றாம் நாள் வீக்கம் வற்றிவிட்டது. நாலாம் நாள் காலையில் நான் குளிசையை எடுத்து நீட்டியபோது, "வயித்தப் பிரட்டுது, போதும்" என்று கையைத் தட்டினார். எனக்கு அன்று முதலாம் பாடவேளையிலேயே வகுப்பு. நடக்க வேண்டும். அவரோடு வாதாட நேரமில்லை என்பது உண்மை. ஆனால் முழு உண்மை அதல்ல. காலைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. சரி என்று மனம் ஒத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஆறு குளிசைகளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில், முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு தேவைப்படும் என்று நினைத்து வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

நுண்ணுயிர்கொல்லியை இடையில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று வருடாவருடம் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுகிறவள் நான். பலவீனமான பற்றீரியாக்கள் முதலில் சாகும், தாக்குப்பிடிக்கிறவை மிஞ்சும், மிஞ்சியவை பெருகும். இந்த மூன்று வசனத்தையும் என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும் ஒப்புவிக்கும்.

இரண்டு கிழமை கழித்து அதே இடம் மறுபடி வீங்கியது. ஆறு குளிசைகளையும் கொடுத்தேன். அது போதாதென்று, பல் பிடுங்கியபோது எனக்குத் தந்ததில் கொஞ்சம் இருந்தது, அது வேறு வகை, அதையும் கொடுத்தேன். அந்தக் கிழமை தவணைப் பரீட்சைத் தாள்கள் வீட்டில் குவிந்து கிடந்தன. ஒரு கையால் தாள் திருத்தி, மறு கையால் அவர் காலுக்கு மருந்து கட்டினேன் என்று சொன்னால் மிகையில்லை. கட்டை அவிழ்த்தபோது ஒரு வாடை வந்தது. ஆய்வுகூடத்தில் வளர்ப்பூடகம் கெட்டுப்போனால் மூடியைத் திறந்ததும் வருமே, அந்த வாடை. எனக்கு அது எங்கே வந்தாலும் தெரியும்.

அடுத்த நாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு அவர் எழும்பவில்லை. தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகக் கொதித்தது. பற்கள் அடிக்க நடுங்கினார். பக்கத்து வளவில் ஒருவர் திரீவீலர் வைத்திருந்தார். அவசரத்துக்கென்று ஒரு போத்தல் பெற்றோலை மனைவிக்குக்கூடச் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தாராம். நான் போய் வாசலில் நின்றதும் ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து ஊற்றினார். அந்த மனிதருக்கு நான் இன்றுவரை சரியாக ஒரு நன்றி சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே வாட்டில் போட்டார்கள். ஆண்கள் வாட்டு என்பதால் நான் வெளியே போட்டிருந்த மர வாங்கில் இருந்தேன். வெயில் ஏறிய பிறகு ஓர் இளம் பெண் டொக்டர் வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. கையில் ஒரு கோப்பு.

"முதல் என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

பெயர்களைச் சொன்னேன். எத்தனை மில்லிகிராம் என்றும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"எத்தினை நாளைக்கு?"

"முதல் மூண்டு நாள். பிறகு ரெண்டு நாள். பிறகு மத்தது கொஞ்சம்."

"யார் எழுதித் தந்தது?"

"ஒருத்தரும் இல்ல."

அவர் கோபப்படவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். முதல் நாள் போட்ட உடுப்போடுதான் நிற்கிறார் என்பது பார்க்கத் தெரிந்தது. "நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டார்.

"டீச்சர்."

"என்ன பாடம்?"

"தமிழ்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இவ்வளவு காலமும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டி நினைக்கவில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. தமிழ் டீச்சருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஆறுதல் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. ஊசி மருந்துத் தட்டோடு வந்த தாதி ஒருத்தி என்னைக் கண்டதும் நின்றாள்.

"பயோ டீச்சர்! என்னத் தெரியலயா? உங்கட வகுப்புத்தான் நான். நீங்க தந்த நோட்ஸ் இன்னும் வெச்சிரிக்கன் டீச்சர். அந்த நோட்ஸாலதான் நேர்சிங்கே கிடைச்ச." டொக்டர் பக்கம் திரும்பி, "எங்கட ஊர்ல இவங்களப் போல பயோ படிப்பிக்க ஆளில்ல மிஸ்" என்றாள்.

அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். நான் அவளுடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் கோப்பில் எதையோ எழுதி முடித்தார். எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்தது போலிருந்தது.

"காயத்தில இருந்து எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கு. ரெண்டு மூண்டு நாளில ரிப்போர்ட் வரும்" என்றார். "வந்தாப் பிறகு உங்களிட்டத் தாறன். உங்களுக்கு விளங்கும்."

அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட்டைத் தந்தார். ஒரே ஒரு தாள். இடது பக்கத்தில் மருந்துகளின் பெயர்கள், வலது பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. அந்த மருந்துக்குப் பற்றீரியா சாகுமென்றால் ஓர் எழுத்து, எதிர்த்து நிற்குமென்றால் இன்னோர் எழுத்து. பெத்திரிக் கிண்ணத்தில் மருந்து வட்டுகளை வைத்து, எதைச் சுற்றி கிருமி வளராத தெளிந்த வளையம் வருகிறது என்று பார்த்து எழுதுவது. எத்தனை முறை கரும்பலகையில் அந்தக் கிண்ணத்தைக் கீறியிருப்பேன். மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்தேன். எதிர்ப்பு, எதிர்ப்பு, எதிர்ப்பு. நான் பாமசியில் வாங்கியதற்கும் எதிர்ப்பு, பல்லுக்குத் தந்ததற்கும் எதிர்ப்பு. அடியில் இரண்டே இரண்டு மருந்துக்குத்தான் மற்ற எழுத்து இருந்தது.

நான் கொடுத்ததால் மட்டும்தான் இப்படி ஆனதா என்று டொக்டரிடம் கேட்டேன். அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது, ஊரிலேயே இப்படியான கிருமிகள் இருக்கின்றன என்றார். "எல்லாரும் இப்பிடித்தானே குடிக்கினம்." என் மனதை ஆற்றத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்கு ஆறவில்லை.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். பெருவிரலும் அடுத்ததும். அட்டாளைச்சேனையில் கலியாணம் முடித்திருக்கும் மகள் வந்து எங்களோடு நின்றாள். மாறிமாறிக் காவலிருந்தோம். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி வயலுக்குத் தண்ணீர் யார் கட்டுகிறார்கள் என்பதுதான். மகள் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு நித்திரைதான் வந்தது. அந்த வாங்கில் இருந்தபடியே தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

லீவு முடிந்து பாடசாலைக்குப் போனபோது, நான் விட்ட இடத்திலேயே பாடம் நின்றது. எனக்குப் பதிலாக யாரும் எடுக்கவில்லை. அடுத்த தலைப்பு நுண்ணுயிர்கொல்லிகளும் எதிர்ப்பும். தள்ளிப் போடலாமா என்று யோசித்தேன். பரீட்சைக்கு அதிக நாளில்லை, தள்ள முடியாது.

படம் கீறினேன். மூன்று வசனத்தையும் சொன்னேன். பிறகு சோக்கை வைத்துவிட்டு, என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து வாட்டு வரைக்கும். தமிழ் டீச்சர் என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதற்கு மனம் வரவில்லை.

பிறகு கேட்டேன்: "யாருட வீட்டுல மிச்ச மருந்து இரிக்கி?"

ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. கடைசியில் இரண்டு பேரைத் தவிர எல்லாரும். மீனவரின் மகள் சொன்னாள், "எங்கட உம்மாக்கு இதெல்லாம் தெரியா டீச்சர். தெரிஞ்சா செய்யமாட்டா."

"தெரிஞ்சும் நான் செஞ்சனே புள்ள" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அப்ப என்ன செய்ற டீச்சர்?" என்றாள். அவளுக்கு உண்மையாகவே பதில் வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொல் என்றேன். கிளினிக்குக்குப் போனால் முழு நாளும் போய்விடும், அன்று கூலிக்குப் போக முடியாது என்று உம்மா சொல்வாவே என்றாள். மணி அடித்தது.

இப்போது அவருடைய கால் ஆறிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். அகலமான தோல் செருப்பு போடுகிறார். நடக்கும்போது ஒரு பக்கம் சற்றுச் சாய்கிறார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் விதைப்பு நேரத்தில் போய் வரம்பில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, குத்தகைக்காரருக்குக் குறை சொல்லிவிட்டு வருவார். அவர் இதுவரை என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஒருநாள் நானே கேட்டேன்.

"என்னோட உங்களுக்குக் கோவமில்லையா?"

"நாலாம் நாள் குளிசய வேணாம் எண்ட ஆரு? நான்தானே."

"நான் விட்டுட்டனே."

"நீ அண்டைக்கு நடந்து போகணும்" என்றார்.

அதற்கு மேல் அந்தக் கதையை இருவரும் எடுப்பதில்லை. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அவருடைய பாதத்தை மடியில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். விரலிடுக்குகளைத் துணியால் துடைப்பேன். புதிதாக எங்கும் சிவந்திருக்கிறதா என்று அழுத்திக் கேட்பேன். நோகவில்லை என்பார். அவர் நோகவில்லை என்றால் அதற்கு அர்த்தமில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பேன். பத்து நிமிடம் போய்விடும். பெரும்பாலும் முதல் மணிக்குப் பிந்தித்தான் போகிறேன். அதிபர் ஒன்றும் கேட்பதில்லை. வரவுப் புத்தகத்தில் பிந்தி வருகிறவர்களுக்கென்று கீறிய சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வகுப்புக்கு ஏறிப்போகிறேன்.