கூமுட்டையெல்லாம் நீயே வச்சிக்க

எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர் இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் மூடிய பிறகு மனையை இரண்டாகப் பிரித்தார்கள். சுவரை மட்டும் முழுதாகக் கட்டி முடிக்கவில்லை. கோழிகள் அதைச் சுவராகவே மதிப்பதில்லை. பெரியம்மாவின் பேச்சும் அப்படித்தான்.

அந்த வார்த்தை வந்தது சுவருக்கு மேலாகத்தான். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய வாரம் அது. நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெரியம்மா தன் வீட்டுப் பின்வாசலில் மீன்காரம்மாவிடம் பேசுகிற மாதிரி, எங்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இவ அடை வச்சதே ஒண்ணு. அதுவும் கூமுட்டை."

கோழி வளர்க்கிற வீட்டில் அதைவிட மோசமான வார்த்தை கிடையாது. தாய்க்கோழி அடியில் மூன்று வாரம் சூடு வாங்கிவிட்டு உள்ளே எதுவும் ஆகாமல் நாறிப்போகிற முட்டைதான் கூமுட்டை. ஒரே வார்த்தையில் என்னையும் சொல்லியாகிவிட்டது, ஒரு பிள்ளையோடு நின்றுவிட்ட அம்மாவையும் சொல்லியாகிவிட்டது. அம்மா தலையைத் தூக்கவில்லை. கீரைக் காம்புகளை மட்டும் தேவைக்கு மேல் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

நான் அடுத்த துணியை எடுத்து உதறினேன். பச்சைக்குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கிற இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் நான் பதறுவதில்லை. எது கெட்டது, எங்கே கெட்டது, எதை முதலில் கழற்ற வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொள்வேன். கோபத்தையும் அப்படித்தான் வரிசைப்படுத்தினேன். முதல் இடம் அம்மாவின் கோழிக்கு.

அதைச் சொல்ல வேண்டும். அம்மா கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து ஒரு கொண்டைக்கோழி கொண்டுவந்தாள். தலையில் இறகு கொத்தாக நிற்கும் ஜாதி. அது பெருகியது. மனை பிரிந்தபோது கோழிக்கூண்டு பெரியம்மா பக்கம் விழுந்தது. கூண்டு யார் பக்கமோ கோழியும் அவர்களுக்கே என்று பெரியம்மா சொல்ல, அப்பா அண்ணியை எதிர்த்துப் பேசாத மனிதர், அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அம்மா தன் கோழியின் வாரிசுகளையே பெரியம்மாவிடம் வாரத்துக்கு வாங்கி வளர்த்தாள்.

வாரம் என்றால் பாதிப் பங்கு. கோழியும் முட்டையும் அவர்களுடையது. அடை வைப்பது, இரை போடுவது, பூனையிடமிருந்தும் பருந்திடமிருந்தும் காப்பாற்றுவது நம்முடையது. தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கியதும் ஆளுக்குப் பாதி. இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பெரியம்மா அதில் சில சட்டங்கள் சேர்த்திருந்தாள். முதலில் பொறுக்குவது அவள். செத்த குஞ்சு எங்கள் பங்கில் கழியும். பொரிக்காத முட்டையை அவள் கண்முன் உடைத்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் நாங்கள் தின்றுவிட்டோம் என்று அர்த்தம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக உடைப்பாள். பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கைவைத்து எண்ணிக்கொண்டு நிற்பாள்.

முதலில் பொறுக்குவதில்தான் எல்லாம் இருந்தது. பிரிக்கிற பருவத்தில் எது பெட்டை, எது சேவல் என்று கொண்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரியம்மா பெட்டைகளாகப் பார்த்து எடுத்துக்கொள்வாள். எங்களுக்கு எப்போதும் சேவல். சேவலைக் குழம்பு வைக்கலாம், விற்கலாம், ஆனால் வெறும் சேவலை வைத்துக்கொண்டு ஒரு வீடு கோழி வளர்க்க முடியாது. ஒரே ஒரு கொண்டைப் பெட்டை தன் பக்கம் நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மா எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்பா ஒருமுறை சந்தையிலிருந்து வேறு பெட்டை வாங்கி வந்தார். அம்மா அதற்குத் தண்ணீர் வைத்தாள், இரை போட்டாள், பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

புரட்டாசியில் வாய்ப்பு வந்தது. தெருவில் பாதி வீடுகள் கவிச்சியை நிறுத்திவிடுவதால் பெரியம்மாவிடம் முட்டை தேங்கிவிட்டது. ஒரு கோழியும் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கோழியையும் முட்டைகளையும் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் உடைந்த அரிவாள் ஒன்றும் வைத்தாள். இடி இடித்தால் அடைமுட்டை கெட்டுவிடும், இரும்பும் கரியும் இருந்தால் இடி தாக்காது என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. நான் அதைப் பற்றி அம்மாவிடம் வாதாடியதில்லை. இரும்பு இருப்பதால் முட்டைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பாதி அடை கடந்திருந்தபோது ஒரு சாயங்காலம் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. முருங்கைக் கிளை முறிந்து கூரைமேல் சாய்ந்தது. அதை வெட்ட அப்பா கைக்கு அகப்பட்ட அரிவாளை எடுத்தார். அகப்பட்டது கூடையில் இருந்த அரிவாள். வெட்டி முடித்துச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. பெரியம்மா தலை குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, ஈரத்தலையோடு சுவரோரம் வந்தாள். கண்ணில் முதலில் பட்டது அந்த அரிவாள்.

"இன்னாடி இது, கூடையில இருக்க வேண்டியது செவுத்து மேல குந்தியிருக்குது?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா முருங்கைக் கிளையைப் பார்த்தார்.

"நேத்து அடிச்ச இடி கோரிமேடு வரைக்கும் கேட்டிருக்கும். அத்தினியும் போச்சு. ஒரு இரும்புத்துண்ட பாத்துக்கத் துப்பில்ல, கோழி வளக்கறாளாம் கோழி."

புரட்டாசியில் வியாபாரம் இல்லாததால் மீன்காரம்மா காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, ஒருவேளை நல்லாவும் இருக்கும், பாத்துக்கலாமே" என்றார்.

"நீ மீனப் பாரு. முட்டைய நான் பாத்துக்கறேன்." பெரியம்மா கூடைக்குள் கைவிட்டுக் கோழியைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "கோழி அடை வீணாவக் கூடாது. வேற முட்ட வச்சிக்கறேன்."

"முட்டைய ஒடச்சிக் காட்டட்டுமாக்கா?" என்றாள் அம்மா. பழக்கம்.

"சனிக்கெழமையும் அதுவுமா, தல குளிச்சிட்டு அந்த நாத்தத்துல நிக்கவா? ஒண்ணும் வேணாம். கூமுட்டையெல்லாம் நீயே வச்சிக்க. உங்க வூட்டுக்குப் புதுசா?"

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். நான் டீ டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன். மனதுக்குள் வரிசை தானாக ஓடியது. கோழியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முட்டையை எங்களுக்கு என்று சொன்னாள். வாயால் சொன்னாள். கேட்க வெளியாள் ஒருவர் இருந்தார். தன் சட்டத்தைத் தானே தாண்டிப்போனாள்.

அவள் உள்ளே போனதும் முட்டைகளை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, போர்வைக்குள் புகுந்து, செல்போன் டார்ச்சை ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். முதல் முட்டை ஆரஞ்சு விளக்குபோல் வெளிச்சமாக இருந்தது, ஒன்றும் இல்லை. இரண்டாவதில் சிவப்பு நூல்கள் ஓடின. நடுவில் கருப்பாக ஒரு புள்ளி. புள்ளி அசைந்தது.

இரண்டைத் தவிர எல்லாமே உயிரோடு இருந்தன. அம்மாவைப் போர்வைக்குள் இழுத்துக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அவங்ககிட்ட சொல்லணுமா?"

"எதுக்கு? கூமுட்டைன்னு சொல்லிட்டாங்களே."

மீன்காரம்மாவிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்கினேன். குண்டு பல்பு ஒன்று, வெப்பம் ஏறினால் பல்பை அணைக்கிற சின்னக் கருவி ஒன்று, ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். வேறொன்றும் இல்லை. வேலையில் நான் நாள் முழுக்கக் காப்பாற்றுகிற சூடுதான் கோழிக்குஞ்சுக்கும், கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவே. மீன் வாடை போகப் பெட்டியை மூன்று முறை கழுவியும் போகவில்லை. அப்பா வந்து குனிந்து பார்த்தார்.

"இந்தப் பெட்டியில சங்கரா வந்து பாத்திருக்கறேன், வஞ்சரம் வந்து பாத்திருக்கறேன். கோழி வருமா?"

"அரிவாள எடுத்தவங்க பேசக் கூடாது" என்றாள் அம்மா.

நான் வேலைக்குப் போனபிறகு முட்டைகளைத் திருப்பிவிடுவது அவள் பொறுப்பு. பென்சிலால் ஒரு பக்கம் குறி போட்டுக் கொடுத்திருந்தேன். கடைசி நாட்களில் திருப்பக் கூடாது என்றபோது அவளுக்குக் கை பரபரத்தது. பெட்டியருகே பாய் போட்டுப் படுத்துக்கொண்டாள். ஒரு காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கையில் உள்ளிருந்து கத்தினாள். ஓட்டில் ஒரு ஓட்டை, அதில் மூக்கு.

குஞ்சுகளைப் பின்னறையிலும் பிறகு மொட்டைமாடியிலும் வைத்து வளர்த்தோம். பெரியம்மாவுக்குச் சத்தம் கேட்டது. "இன்னாடி கீச்சு கீச்சுன்னு?" என்று சுவரிலிருந்து கேட்டாள். அம்மா பொய் சொல்லத் தெரியாதவள், "டிவிக்கா" என்றாள். நான் காத்திருந்தேன். கொண்டை முளைத்து, பெட்டை எது சேவல் எது என்று யாரும் குழம்ப முடியாத பருவம் வரை. மீன்காரம்மா வருகிற நேரமாகப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் முற்றத்தில் திறந்துவிட்டேன். பாதிக்கு மேல் பெட்டை. எல்லாத் தலையிலும் கொத்து இறகு.

பெரியம்மா சுவரை நெருங்கி வந்து நின்றாள். ஜாதியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"இது என் கோழி முட்டையாச்சே! எனக்குத் தெரியாம பொரிக்க வச்சியா? பாதிய எடு. நான்தான் மொதல்ல பொறுக்குவேன்."

"ஒங்க முட்டை எப்படி ஆவும் பெரியம்மா?" என்றேன். "அது கூமுட்டைன்னு நீங்கதான சொன்னீங்க. கூமுட்டையில குஞ்சு வருமா?"

"அது... இடி இடிச்சுதே..."

"ஆமா, இடி இடிச்சுது, கெட்டுப்போச்சு, நீயே வச்சிக்கன்னீங்க. அப்ப கெட்டுப்போகலையா? ஒங்களுக்கு முட்டை பாக்கத் தெரியலையா?"

அவள் மீன்காரம்மா பக்கம் திரும்பினாள். மீன்காரம்மா ஒரு கெளுத்தியைச் செதில் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெளுத்திக்குச் செதிலே கிடையாது. "நீதானக்கா சொன்ன, வச்சிக்கன்னு. நான் மீனத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், காது தொறந்திருந்துச்சு."

"பெரிய பிரெஞ்சு பென்ஷன் வாங்கற வூட்டுப் பொண்ணு மாதிரி பேசறா பாரு, ரெண்டு எழுத்துப் படிச்சிட்டா" என்றாள் பெரியம்மா. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வருகிற வீடுகள்தான் எங்கள் ஊரில் பெரிய வீடுகள்.

"கூமுட்டைதான பெரியம்மா. எங்க வூட்ல அது இப்படித்தான் பொரிக்கும்."

அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. பல நாள் நாக்கின் அடியில் வைத்திருந்த வாக்கியம் அது.

அதன்பிறகு அவள் எங்களோடு பேசவில்லை. பனிக்காலத்தில், கோழிகளைக் கூட்டமாகக் கொண்டுபோகிற வெள்ளைக்கழிச்சல் நோய் தெருவில் வரத் தொடங்கியது. கால்நடை மருந்தகத்தில் கண்ணில் விடுகிற சொட்டுமருந்து வாங்கிவந்தேன். ஒரு குப்பி எங்கள் கோழிகளைப்போல் பல மடங்குக்குப் போதும், கரைத்தால் உடனே பயன்படுத்தியாக வேண்டும். அம்மா மனம் கேட்காமல் சுவரோரம் போய்க் கூப்பிட்டாள். "அக்கா, மருந்து மீறியிருக்குது, ஒங்க கோழிக்கும் உட்டுரட்டுமா?"

"உங்க வூட்டு வைத்தியம் என் கோழிக்கு வேணாம்."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியை, அதிலிருக்கிற கிருமி சாக ஒரு வாளி பினாயில் தண்ணீரில் ஊற்றி, வாளியோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன். இரண்டாம் முறை கேட்டிருக்கலாம் என்று அம்மா அன்று முழுக்கச் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

மாசி முடிவதற்குள் பெரியம்மாவின் கூண்டு காலியானது. ஒரு சேவல் மட்டும் மிஞ்சியது.

சித்திரையில் ஒரு காலை அவள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினாள். "வெறும் சேவல வச்சிக்கினு நான் இன்னா பண்றது. ஒரு பெட்டைய வாரத்துக்கு உடேன்."

இந்த நாளுக்காக நான் தயாராக இருந்தேன். அம்மா இளகிவிடுவாள், ஒரு பெட்டையைச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவாள் என்று பயந்து முந்திக்கொண்டேன். "கோழியும் முட்டையும் எங்களுது. இரையும் காவலும் ஒங்களுது. செத்தது ஒங்க பங்குல. மொதல்ல பொறுக்கறது நாங்க."

பெரியம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மகளை அடக்கு என்று கேட்கிற பார்வை. அம்மா எங்கள் கூண்டுக்குப் போய் அடைக்கு உட்கார்ந்திருந்த கொண்டைப் பெட்டையைக் கையில் எடுத்தாள். கூடையில் மணல் பரப்பினாள். முட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். கரித்துண்டு வைத்தாள். சுவர்மேலேயே துருப்பிடித்துக் கிடந்த அந்த உடைந்த அரிவாளை எடுத்து, முந்தானையால் துடைத்து, முட்டைகளின் ஓரத்தில் செருகினாள். எல்லாவற்றையும் சுவருக்கு மேலாக நீட்டினாள்.

பெரியம்மா வாங்கிக்கொண்டு திரும்பினாள். இரண்டடி போயிருப்பாள்.

"அக்கா" என்று அம்மா கூப்பிட்டாள். எப்போதும்போல் மெதுவான குரல். "கூமுட்டை இருந்தா எடுத்தாந்து காட்டுங்க. இங்கயே நிக்கறேன். ஒண்ணொண்ணா ஒடச்சிப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு, இடுப்பில் கைவைத்து, பெரியம்மாவின் பின்வாசல் கதவு சாத்தும்வரை அங்கேயே நின்றாள்.