முதல் பரிசு தெர்மாகோலுக்கு

உருகவே உருகாத ஒரு பனிமலைக்கு எங்கள் பள்ளியில் முதல் பரிசு கொடுத்தார்கள். குழாய்களில் தண்ணீரின் அழுத்தத்தைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்கும் பொறியாளர் நான். எளிதில் கொதிப்பவள் அல்ல. ஆனால் அதை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது.

ஏழாம் வகுப்பு, அறிவியல் கண்காட்சி. லடாக்கில் குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைத் தண்ணீரை மேட்டிலிருந்து குழாயில் இறக்கி, வயலோரம் மேல்நோக்கிப் பீச்சியடிக்க விடுகிறார்கள். கடுங்குளிரில் அது விழ விழ உறைந்து கூம்பாக வளர்கிறது. விதைப்புக் காலத்தில், மலைப்பனி உருகி வருவதற்கு முன்பே, இந்தக் கூம்பு உருகி வயலை நனைக்கிறது. இதைப் படித்த நாள் முதல் எனக்கு வேறு நினைப்பே இல்லை. முதல் பரிசு வாங்கினால் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம் என்பதும் ஒரு காரணம்.

தேவையானவை: ஐஸ், சாய்வான தட்டு, ரப்பர் குழாய், கீழே வயலுக்குப் பதில் வெந்தயம் முளைத்த தட்டு ஒன்று. ஐஸுக்குக் கவலையில்லை. அம்மாவின் தம்பிக்குத் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை. கண்காட்சியன்று மாமா ஒரு துண்டு ஐஸை முழங்கை உயரக் கூம்பாகச் செதுக்கி, கோணியில் சுற்றிக்கொண்டு என்னோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார். திருப்பாதிரிப்புலியூர் வருவதற்குள் எதிரில் இருந்த அம்மாளின் புடவை நனைந்துவிட்டது.

“இன்னாய்யா இது, மீன் மூட்டையா?”

“மலைம்மா. லடாக்குக்குப் போவுது.”

பள்ளியில் கூம்பை நிறுத்தியதும் மாமா ஒரு பை உமியை எடுத்து அதன்மேல் உச்சி முதல் அடிவரை அப்பினார். என் வெள்ளை மலை குப்பைமேடாகிவிட்டது. நான் கத்தினேன்.

“பரிசு குடுக்கறவுங்க வர்ற வரைக்கும் இருக்கட்டும் பாப்பா. வந்ததும் தட்டி வுட்ரு” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பரிசு கொடுக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஒன்பதே முக்காலுக்கு வகுப்பாசிரியை வந்தார். “இன்னாடி இது அசிங்கமா? மொதல்ல க்ளீன் பண்ணு!” எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். உமியைத் துடைத்தெடுத்தேன். கூம்பு பளபளத்தது.

விருந்தினர் வந்தது பன்னிரண்டே முக்காலுக்கு. அதற்குள் மலை முழுவதும் குழாய் வழியே இறங்கி, வெந்தயத் தட்டை நிரப்பி, வழிந்து தரையில் தேங்கிவிட்டது. “யாராச்சும் வழுக்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது?” என்று ஆசிரியை அதே கோணியை என் கையில் திணித்தார். விருந்தினர் என் மேசைக்கு வந்தபோது நான் குந்தித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஐஸ் எங்கம்மா?”

“உருகிடுச்சு சார்.”

“அடடா!”

அவ்வளவுதான். தாமதமாக வந்ததற்கு ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மேசையில் ஒரு பையனின் அப்பா கடையில் சொல்லிச் செய்த தெர்மாகோல் இமயமலை இருந்தது. உச்சியில் சின்ன பல்பு வேறு. பரிசு அதற்குப் போனது.

மாலையில் வந்த மாமா வெந்தயத் தட்டைப் பார்த்துச் சிரித்தார். “உருகத்தான பாப்பா செஞ்ச? தண்ணி வயலுக்குப் போய்ச் சேந்துடுச்சு. அப்பறம் இன்னாத்துக்கு அழுவுற?”

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அன்றே அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குற்றவாளிகளின் பட்டியல் எழுதினேன். முதல் இடம் மாமாவுக்கு. விருந்தினர் இரண்டாவது, ஆசிரியை மூன்றாவது. மாமாவோடு ஒரு மாதம் பேசவில்லை.

சென்ற ஆண்டு ஒரு சான்றிதழுக்காக அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். அலுவலக பீரோவின் மேல் தெர்மாகோல் மலை இன்னும் இருக்கிறது, தூசி படிந்து, இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தராமல்.

கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு, அதனால் மெதுவாக உருகும் என்று அன்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவள் நான்தான். வெப்பத்தைத் தடுக்கத்தான் உமியும் இருந்தது என்று அந்தச் சிறுமிக்குத் தெரியவில்லை. ‘ஐஸ் எங்கம்மா?’ என்று கேட்டவருக்கு, கைக்கெட்டும் தூரத்தில் பச்சையாக நிமிர்ந்து நின்ற வெந்தயத்தைக் காட்டியிருக்கலாம் என்றும் தெரியவில்லை. அவள் தலை குனிந்து, மலையைக் கோணியிலிருந்து பிழிந்துகொண்டிருந்தாள்.