கையுறையில் ஒரு கையெழுத்து

என் அக்கா வீட்டுக்காரரை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்ட பந்து, மட்டை, சட்டை எதுவானாலும் அசலா போலியா, அசல் என்றால் என்ன விலைக்குப் போகும் என்று சொல்வதுதான் அவர் வேலை. அவர் கடிதம் இல்லாமல் ஏலக்காரர்கள் எதையும் தொடமாட்டார்கள். அவரிடம் படம் எடுக்கிறவனும் பொட்டலம் கட்டுகிறவனும் நான். திட்டு வாங்குகிறவனும் நானேதான்.

அத்தானுக்கு ஒரு பிடிவாதம். பொருளோடு வரும் கதையைக் கேட்கமாட்டார். "எங்க மாமாவுக்கு மைதானத்துல வச்சு அவரே..." என்று யாராவது ஆரம்பித்தால் கையை உயர்த்திவிடுவார். "கதை வேணாம். பொருளை வச்சிட்டுப் போங்க." கதை கண்ணை மறைக்கும் என்பார். நியாயம்தான், அந்த மேசை பார்க்காத புளுகுமூட்டை இல்லை. ஆனால் மனுஷன் வீட்டிலும் அப்படித்தான். அக்கா ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார்.

போன வருடம் ஒரு பெண் ஒற்றைக் கையுறையோடு வந்தாள். ஒரு காலத்தில் நாடே தலையில் தூக்கி வைத்து ஆடிய கோல்கீப்பருடையது. அவர் எங்கே இருக்கிறார் என்பதையே ஊர் மறந்திருந்தது. அவரை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறவள் தான்தான் என்றாள். அவள் கடைக்குப் போயிருந்தபோது அவர் கையெழுத்துப் போட்டு அவள் பைமேல் வைத்திருந்தாராம். மகள் படிப்புக்காக விற்க வேண்டும்.

"ஐயா, அவருக்கு கை..." என்று தொடங்கினாள்.

"கதை வேணாம்மா."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அத்தானிடம் அந்த கோல்கீப்பரின் கையெழுத்து மாதிரிகள் நாற்பத்தொன்று இருந்தன. எல்லாம் ஒரே வீச்சில் போட்டவை. கையுறையில் இருந்ததோ நின்று நின்று, நடுங்கி, பின்பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்து வரைகிற போலிக்காரனின் கை அப்படித்தான் நடுங்கும். 'வேறொருவர் கை' என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு முறை படித்தாள். முகம் வாடிப்போயிற்று. "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாதத்தில் கோல்கீப்பர் இறந்துபோனார். வெளியூரில் இருந்த மகன் வந்து வீட்டை ஒழித்தான். கையுறை விஷயம் யார் மூலமோ அவன் காதுக்குப் போயிருந்தது. ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தான்.

"அப்பாவைப் பாத்துக்கிட்டவ இதை அவர் மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கா. பக்கம் பக்கமா அவர் கையெழுத்தைப் போட்டுப் பழகியிருக்கா. போலீஸ்ல கொடுக்கப் போறேன். உங்க லெட்டர் ஒண்ணு வேணும்."

அத்தான் நோட்டைப் புரட்டினார். முதல் பக்கங்களில் வெறும் கோடுகளும் வட்டங்களும். ஓரத்தில் பிசியோதெரபிஸ்ட் தேதி போட்டு 'சரி' குறித்திருந்தார். வட்டங்கள் மெல்ல எழுத்துகளாயின. எழுத்துகள் கையெழுத்தாயின. எல்லா வரியிலும் ஈர மை வலப்பக்கமாக இழுபட்டிருந்தது. இடது கையால் எழுதினால்தான், எழுதியதன் மேலேயே கை உரசிப் போகும். ரசீதில் அந்தப் பெண் வலது கையால் கையெழுத்துப் போட்டது எனக்கே ஞாபகம் இருந்தது.

"உங்கப்பாவுக்கு உடம்புக்கு என்ன?" என்றார் அத்தான்.

"பக்கவாதம். வலது பக்கம் சுத்தமா விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு."

அத்தான் நோட்டை மூடினார். "இது அந்தப் பொண்ணு எழுதினதில்ல. உங்கப்பா இடது கையால பழகினது. கையுறையும் அசல்தான்."

"நீங்கதானே போலின்னு எழுதினீங்க?"

"ஆமா. தப்பா எழுதிட்டேன்."

அதையே எழுத்தில் கொடுத்தார். எல்லா ஏலக்காரர்களுக்கும் நகல் அனுப்பச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் திரும்பப் பெற்ற முதல் கடிதம் அது. பலர் சிரித்தார்கள். வேலை பாதியாகக் குறைந்தது. எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, அவரைத் தெரிந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர்மேல் மரியாதை வந்தது.

அந்தப் பெண் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாங்கள் போனபோது படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் நோட்டைப் பற்றிச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். புதுக் கடிதத்தை மேசைமேல் வைத்தார். "கடைசிக் காலத்துல போட்ட கையெழுத்தும்மா. வேற எங்கயும் கிடையாது. மத்ததை விட நாலு மடங்கு போகும்."

அவள் கடிதத்தைத் தொடவில்லை.

"இதையும் கேக்கத்தாங்க அன்னைக்கு வந்தேன். வலது கை வராதவர் எப்படிப் போட்டிருப்பார்னு. பிசியோதெரபிஸ்ட் வர்ற நேரத்துலதான் நான் கடைக்குப் போவேன், நோட்டு இருந்ததே எனக்குத் தெரியாது. வேறொருத்தர் கைன்னு எழுதினீங்க. யாரையோ விட்டுப் போடச் சொல்லி என்னை ஏமாத்திட்டார்னு நினைச்சுட்டேன். அதுக்கப்புறம் அவர்கிட்ட நான் முகம் கொடுத்தே பேசல."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்னைப் பாத்தா இடது கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். தண்ணி கேக்கறார்னு நினைச்சு, டம்ளரைப் பக்கத்துல வச்சிட்டு வெளிய போயிடுவேன். கடைசி நாளும் அப்படித்தான் காட்டினார். அன்னைக்கும் தண்ணிதான் வச்சேன்."